அமெரிக்கக் கால்பந்து, கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ்: இடிக்கத் தெரிகிறது, கட்டுவது எந்தக் காசில்?

#1 ஏரிக்கரை (2025 ஜூன்)

நம் நிக் சப் ஹூஸ்டன் அணிக்குப் போகிறார். ஒரு வருட ஒப்பந்தம். செய்தியைப் பார்த்ததும் அலமாரியிலிருந்த 24-ஆம் எண் ஜெர்சியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன். மகள் பார்த்துவிட்டு, "யாராவது செத்துட்டாங்களாப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு விஷயம்தான் புரியவில்லை. ஏழு வருடம் கிளீவ்லாண்டுக்காக முட்டியை உடைத்துக்கொண்டு ஓடியவருக்குக் கொடுக்கக் காசில்லை. குதிகால் தசைநார் இரண்டு முறை அறுந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) டிஷான் வாட்சனுக்கு மட்டும் இந்த வருடமும் 46 மில்லியன் டாலர் உண்டு. போன வருடம் 3 வெற்றி, 14 தோல்வி. ஒரு அணி வருடத்துக்கு மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற இந்தச் சம்பள வரம்பு நம் கழுத்தில் கிடக்கும்வரை அணியைத் திருப்பிக் கட்டவே முடியாதா? கணக்கு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

ஏரிக்கரை அண்ணே, ஜெர்சியை மடித்து வையுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் சப் போனது காசில்லாமல் அல்ல. 2023 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் அந்த முழங்கால், போன டிசம்பரில் பாத எலும்பு. வயது 29. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்த வயது ஓய்வுபெறும் வயதுக்கு மிகப் பக்கம். ஆட்களை எடுக்கிற எந்த ஜிஎம்மும் (பொது மேலாளர்) இதைத்தான் செய்திருப்பார்.

இப்போது வாட்சன் கணக்கு. 2022 மார்ச்சில் போட்ட ஒப்பந்தம் 5 வருடம், 230 மில்லியன், முழுக்க உத்தரவாதம். கால் போனாலும் கை போனாலும் கொடுத்தே ஆக வேண்டும். இந்த லீகில் அதுவரை யாருக்கும் இந்த அளவுக்கு முழு உத்தரவாதம் கிடைத்ததில்லை.

கையில் கொடுக்கும் பணமும் வரம்பில் ஏறும் பணமும் ஒன்றல்ல, எல்லோரும் குழம்புவது இங்கேதான். சம்பளம் என்று கொடுத்தால் அந்த வருடமே முழுதாக ஏறும். போனஸ் என்று கொடுத்தால் அதிகபட்சம் 5 வருடத்துக்குப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு வருடமும் நம்மவர்கள் ஒரே வேலையைச் செய்கிறார்கள். வாட்சனின் 46 மில்லியன் சம்பளத்தில் குறைந்தபட்சச் சம்பளமான ஒன்றேகால் மில்லியனை மட்டும் விட்டுவிட்டு, மீதி நாற்பத்து நான்கே முக்கால் மில்லியனை போனஸ் என்று பெயர் மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் அது வருடத்துக்கு 9 மில்லியன் வீதம் ஐந்து துண்டாகிறது. இந்த வருடம் மட்டும் கிட்டத்தட்ட 36 மில்லியன் இடம் கிடைத்தது இப்படித்தான்.

நகையை மீட்காமல் மறு அடகு வைக்கிற கதை. மாற்றாமல் விட்டால் 2023-இல் 55 மில்லியன் ஏறியிருக்கும். அந்த வருடம் மாற்றினார்கள், 2024-க்கு 64 ஆனது. மறுபடி மாற்றினார்கள், 2025-க்கு 73 ஆனது. இப்போதும் மாற்றியாயிற்று, 2026-இல் 80-ஐத் தாண்டும்.

#3 புதுசு

மன்னிக்கவும், நான் போன வருடம்தான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். "கேப்" "கேப்" என்று எல்லோரும் எழுதுவதைப் பார்த்து, சம்பள வரம்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாமல், ஏதோ இடைவெளி என்று நினைத்து மூன்று மாதம் படித்திருக்கிறேன் 😅

ஒரு சந்தேகம். ஒப்பந்தம் 2026-இல் முடிகிறதென்றால், 2025-இல் கொடுத்த போனஸை எப்படி ஐந்து வருடத்துக்குப் பிரிக்கிறார்கள்?

#4 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி தம்பி. ஒப்பந்தத்தின் வாலில் போலி வருடங்களை ஒட்டுவார்கள். அந்த வருடங்களில் வாட்சன் விளையாட மாட்டார், ஒரு டாலர் சம்பளமும் கிடையாது. பிரித்து எழுத இடம் வேண்டும், அதற்காக மட்டும். ஒப்பந்தம் முடிந்து ஆள் போனதும், பிரிக்காமல் மிச்சமிருக்கும் துண்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து விழும். அதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும் அவர் பேரில் வரும் கரண்ட் பில்.

#5 பிட்ஸ்பர்க் மாமா

எதிரி முகாமிலிருந்து வணக்கம் 🙏

நாங்கள் 2022 டிராஃப்டில் (கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) முதல் சுற்றில் எடுத்து, இரண்டு வருடம் பார்த்துவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்ட கென்னி பிக்கெட்டை நீங்கள் தேடிப் போய் வாங்கியிருக்கிறீர்கள். கூடவே 40 வயது ஜோ ஃபிளாக்கோ. அப்புறம் ஒரே டிராஃப்டில் டிலன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ் என்று இரண்டு பேர். காயத்தில் கிடப்பவரையும் சேர்த்தால் ஐந்து குவாட்டர்பேக். தீபாவளித் தள்ளுபடியில் சட்டை எடுக்கிறவர்கள்கூட இப்படி அள்ளுவதில்லை.

கேட்க வந்தது வேறு. பிப்ரவரியில் உங்கள் தடுப்பாட்டக்காரர் மைல்ஸ் கேரட் தானே வாயைத் திறந்து "என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள்" என்றார். அப்போதே விற்றிருந்தால் இரண்டு முதல் சுற்று பிக் (டிராஃப்டில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வந்திருக்கும். அதை விட்டுவிட்டு 4 வருடம் 160 மில்லியன் கூட்டிக் கொடுத்து உட்கார வைத்தீர்கள். இடிக்கிற வீட்டுக்கு யாராவது தேக்குக் கதவு போடுவார்களா?

#6 நாய்க்கூண்டு

மாமா வந்துவிட்டார், இனி தூங்கின மாதிரிதான்.

வரம்புதான் நம் கழுத்தில் கயிறு என்று ஏரிக்கரை எழுதியிருக்கிறார். நான் 2016-லிருந்து இந்த அணியின் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பாவி. அதே வரம்பை ஆயுதமாக வைத்துப் பிழைத்த அணியும் இதுதான் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

2017 மார்ச். ஹூஸ்டன் முந்தின வருடம் குவாட்டர்பேக் பிராக் ஆஸ்வைலருக்கு 72 மில்லியனில் ஒப்பந்தம் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அவருக்கு அந்த வருடம் 16 மில்லியன் உத்தரவாதம். நம்மிடம் வரம்பில் 50 மில்லியனுக்கு மேல் முந்தின வருட மிச்சமே இருந்தது, செலவழிக்க ஆள் இல்லை. அப்போது சாஷி பிரவுன் நம் அணியின் பொறுப்பில் இருந்தார். "அந்த ஆளை எங்களிடம் கொடு, கூடவே உன் 2018 இரண்டாம் சுற்று பிக்கையும் கொடு" என்றார். கொடுத்தார்கள். ஆஸ்வைலர் நமக்காக ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே வெளியே அனுப்பியாயிற்று. ஆக 16 மில்லியன் கொடுத்து ஒரு பிக்கை விலைக்கு வாங்கினோம்.

அந்த பிக் 2018-இல் 35-ஆவது இடத்தில் விழுந்தது. அதில் எடுத்தவர்தான் நிக் சப். ஹூஸ்டன் கொடுத்த பிக்கில் வந்தவர், ஹூஸ்டனுக்கே போகிறார். இன்னும் கேளுங்கள். அதே 2017 டிராஃப்டில் நம் 12-ஆவது இடத்தை ஹூஸ்டனுக்கு விற்று, பதிலுக்கு 25-ஆவது இடத்தையும் அடுத்த வருட முதல் சுற்றையும் வாங்கினோம். அந்த அடுத்த வருட பிக்கில் டென்சல் வார்ட் வந்தார். நாம் விற்ற 12-இல் ஹூஸ்டன் எடுத்தது யாரை? டிஷான் வாட்சனை.

அன்றைக்கு ஒரு பிக்குக்குக் கைவிட்டவரையே ஐந்து வருடம் கழித்து மூன்று முதல் சுற்று பிக் கொடுத்துத் திருப்பி வாங்கினோம்.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை அந்தச் சேமிப்பு. 2016-இல் 1-15, அதாவது ஒரு வெற்றி, பதினைந்து தோல்வி. 2017-இல் 0-16. 2018 ஜனவரியில் அரங்கத்தைச் சுற்றி ஒரு ஊர்வலம் விட்டோம், ஞாபகமிருக்கிறதா? ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காததைக் கொண்டாடப் பூஜ்யம் வடிவத்தில் நடந்தோம். எரி ஏரியிலிருந்து அடித்த காற்றில் ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை மூடியில் ஊற்றி வாயருகே கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது. எனக்கு முன்னால் ஒருவர் அட்டையில் செய்த கல்லறைக் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார், காற்று அதையும் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்கு முந்தின டிசம்பரிலேயே சாஷியை அனுப்பிவிட்டார்கள். அவர் சேர்த்து வைத்ததில் அடுத்தவர்கள் மேஃபீல்ட், வார்ட், சப் என்று எடுத்து, 2020-இல் 11-5 ஆனார்கள். அந்த பிளேஆஃபில் மாமா அணியை 48-37 என்று அவர் ஊரிலேயே வைத்துச் சாத்தினோம். மாமாவுக்கு மறந்திருக்காது.

#7 பிட்ஸ்பர்க் மாமா

அதை எடுத்தால்தான் உங்களுக்குச் சோறு இறங்குமா?

#8 சாரதா_கொலம்பஸ்

எல்லோரும் மில்லியனையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். வாட்சன் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் 20-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் என்று சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார், குற்ற வழக்காக அது போகவில்லை, சரி. ஆனால் லீக் விசாரித்து 11 ஆட்டம் தடையும் 5 மில்லியன் அபராதமும் போட்டது.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன வித்தையையே இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். முதல் வருடச் சம்பளம் ஒரு மில்லியன் சொச்சம்தான், மீதி எல்லாம் போனஸ். தடையால் அவர் இழந்தது சம்பளத்தில்தான். 11 ஆட்டத்துக்கும் சேர்த்து ஆறேகால் லட்சம் டாலர் அளவுதான் போனது. முதல் வருடச் சம்பளத்தைக் குறைவாக வைப்பது இந்த நிர்வாகத்தின் வழக்கம்தான் என்று சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு அன்றைக்கே மனசு விட்டுப்போனது. 2022 முழுக்க நான் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை, தோற்றதால் அல்ல.

#9 ஏரிக்கரை

அக்கா, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வெட்கப்பட்டேன்.

#10 டென்வர்வாசி

கொஞ்சம் வெளியூர்க் கண்ணோட்டம் சொல்லட்டுமா? டெட் மணியை நினைத்து இவ்வளவு பயப்படாதீர்கள். நீங்கள் வாட்சனை வாங்கிய அதே மாதம் எங்கள் ஊரில் குவாட்டர்பேக் ரசல் வில்சனை வாங்கினோம். ஒத்து வரவில்லை. 2024 மார்ச்சில் வெளியே அனுப்பினோம். டெட் மணி 85 மில்லியன், லீக் சரித்திரத்தில் அதுவரை அப்படி ஒன்று இல்லை. 53 போன வருடம், 32 இந்த வருடம் என்று விழுங்கினோம். போன வருடம் வரம்பே 255.4 மில்லியன், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊரிலேயே இல்லாத ஒருவருக்கு. அப்படியும் 10-7, பிளேஆஃப். டிராஃப்டில் 12-ஆவதாக எடுத்த புதுமுகக் குவாட்டர்பேக் போ நிக்ஸ் காப்பாற்றினார்.

ஆகவே நண்பர்களே, வரம்பு ஒரு சாக்கு.

#11 கணக்குப்பிள்ளை

டென்வர்வாசி சொல்வதில் பாதி நான் சொல்ல வந்ததுதான், மறு பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

வரம்பு 2022-இல் 208.2 மில்லியன். 2025-இல் 279.2. மூன்றே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. ஆக 2023-இல் கட்ட வேண்டியதை 2026-க்குத் தள்ளினால் அது வட்டியில்லாக் கடன், சொல்லப்போனால் லாபம். ஃபிலடெல்ஃபியா முழுக்க இந்த வழியில்தான் நடக்கிறது, போலி வருடம் ஒட்டாத ஒப்பந்தத்தை அங்கே தேட வேண்டும். பிப்ரவரியில் சாம்பியன் ஆனார்கள். அதனால் தள்ளிப்போட்டதை நம் ஜிஎம் பெர்ரியின் குற்றமாக நான் எழுத மாட்டேன்.

ஆனால் போ நிக்ஸை எடுக்க டென்வரிடம் 12-ஆவது பிக் இருந்தது. நம்மிடம்? 2022, 2023, 2024 மூன்று வருடமும் முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. மூன்றும் ஹூஸ்டனுக்குப் போனது. அதில் ஒன்றை வைத்து மேலே ஏறித்தான் அவர்கள் வில் ஆண்டர்சனை எடுத்தார்கள். 2024 ஜனவரியில் அதே ஹூஸ்டன் பிளேஆஃபில் நம்மை 45-14 என்று அனுப்பி வைத்தது.

பிக் ஏன் இவ்வளவு முக்கியம்? புதுசு தம்பிக்காகச் சொல்கிறேன். 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடம் 78 மில்லியன். 2011-இல் வீரர் சங்கத்தோடு புது ஒப்பந்தம் வந்து புதுமுகச் சம்பளத்தைக் கட்டிப் போட்டது. அந்த வருடம் முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு 4 வருடம் 22 மில்லியன். ஒரே வருடத்தில் அடிமாட்டு விலை. அன்றிலிருந்து இந்த லீகில் மலிவான சரக்கு ஒன்றுதான், அது டிராஃப்டில் வந்த நல்ல பையன். இந்த வருடம் 5-ஆவதாக எடுத்த மேசன் கிரஹாமுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 40 மில்லியன் சொச்சம். கேரட் ஒரு வருடத்துக்கு வாங்குவது அது.

பணத்தைத் தள்ளிப்போடலாம், பெயர் மாற்றலாம், ஐந்தாகப் பிரிக்கலாம். எடுக்காமல் போன மூன்று இருபத்திரண்டு வயதுப் பையன்களை எப்படித் தள்ளிப்போடுவது? இன்றைக்கு அவர்கள் 24, 25 வயதில் மலிவுச் சம்பளத்தில் முழு வேகத்தில் ஆடிக்கொண்டிருக்க வேண்டியவர்கள். அந்த ஓட்டையை அடைக்க ஒவ்வொரு வருடமும் முப்பது வயதுக்காரர்களைச் சந்தை விலைக்கு வாங்கினோம், அதற்கு இடம் பண்ணத்தான் வாட்சன் ஒப்பந்தத்தை மறுபடி மறுபடி அடகு வைத்தோம்.

#12 நாய்க்கூண்டு

அடிச்சான் பாருங்க ஆணியை.

#13 பிட்ஸ்பர்க் மாமா

எல்லாம் சரி தம்பி, கேரட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மலிவான பையன்கள்தான் வேண்டும் என்றால் அவரை விற்பதுதானே வழி?

#14 ஏரிக்கரை

மாமா, இதற்கு நான் பதில் சொல்கிறேன், கணக்காக அல்ல. 1999-இல் அணி திரும்பி வந்ததிலிருந்து இந்த ஊர் பார்த்த மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர். 2023-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. அவரையும் அனுப்பிவிட்டால் என் மகளை எதைக் காட்டி அரங்கத்துக்குக் கூட்டிப் போவேன்? தேக்குக் கதவு என்றீர்கள். ஊரில் பழைய வீட்டை இடிக்கும்போது நிலைக்கதவை மட்டும் கழற்றிப் பத்திரப்படுத்துவார்களே, பார்த்ததில்லையா?

#15 கணக்குப்பிள்ளை

அண்ணே, இங்கே நான் மாமா பக்கம். ஒப்பந்தம் 2030 வரை ஓடுகிறது, அப்போது அவருக்கு 34 முடிந்து 35 ஆகும். இந்த அணி நிமிர இரண்டு வருடமாவது ஆகும். நல்ல குவாட்டர்பேக் கிடைக்கும் நாளில் கேரட் இதே கேரட்டாக இருப்பாரா? டெட்ராய்ட் என்ன செய்தது பாருங்கள். 2021-இல் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டைக் கொடுத்து, இன்னொரு குவாட்டர்பேக் கோஃபையும் இரண்டு முதல் சுற்று பிக்கையும் ஒரு மூன்றாம் சுற்றையும் வாங்கினார்கள். அந்த வருடம் 3-13-1 (கடைசி 1 டிரா). அடுத்து 9-8, அடுத்து 12-5, போன வருடம் 15-2. பன்னிரண்டு வருடம் அந்த ஊரின் முகமாக இருந்தவரையே விற்றார்கள்.

#16 நாய்க்கூண்டு

டெட்ராய்ட் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 3-13-1 வந்தபோது அங்கே முதலாளி யாரையும் துரத்தவில்லை. நம் ஊரில் 0-16 வருவதற்கு முன்பே சேமித்தவரை அனுப்பிவிட்டார்கள். கேரட்டை விற்று வரும் பிக்கில் யார் எடுப்பார், அந்தப் பையன் தேறும்வரை அவர் வேலையில் இருப்பாரா என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. மார்ச் கடைசியில் முதலாளிகள் கூட்டத்தில் நம் முதலாளி ஜிம்மி ஹாஸ்லமே ஒப்புக்கொண்டார், வாட்சன் விஷயத்தில் மட்டையைப் பெரிதாக வீசினோம், பந்தில் படவில்லை என்று. ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் 230 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட எந்த ஜிஎம்மும் முதலாளி தலையாட்டாமல் போக மாட்டார்.

#17 புதுசு

அப்படியென்றால் டிராவிஸ் ஹன்டரை ஏன் விட்டார்கள்? 2-ஆவது இடம் நம் கையில் இருந்ததே. தாக்குதல், தடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிற பையன், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். அன்று இரவு நான் டிவியை அணைத்துவிட்டேன்.

#18 கணக்குப்பிள்ளை

அணைத்திருக்கக் கூடாது தம்பி, அதற்குப் பிறகுதான் நல்ல காட்சி. ஜாக்சன்வில் 2-க்கு ஏற, நமக்குக் கொடுத்தது 5-ஆவது இடம், 36, 126, அதோடு அவர்களுடைய 2026 முதல் சுற்று. நாம் திருப்பிக் கொடுத்தது 104-உம் 200-உம். 5-இல் கிரஹாம். 36-இல் ஒஹாயோ ஸ்டேட் பையன் குவின்ஷான் ஜட்கின்ஸ், பந்தோடு ஓடுகிறவர். சப் வந்தது 35-இல், அவருக்குப் பதில் வருகிறவர் 36-இல். அப்புறம் அடுத்த வருடம் நம்மிடம் இரண்டு முதல் சுற்று பிக். 2026-இல் ஒரு நல்ல குவாட்டர்பேக்குக்காக மேலே ஏற வேண்டுமென்றால் கையில் சரக்கு இருக்கும். வாட்சனின் 80 மில்லியனும் அதே வருடம் வந்து நிற்கும்தான். மறுபடி பிரிப்பார்கள், இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவார்கள். புதுமுகச் சம்பளத்தில் குவாட்டர்பேக் இருந்தால் விழுங்கலாம், டென்வர் விழுங்கியதே.

கேப்ரியலையும் சாண்டர்ஸையும் பற்றிக் கேட்காதீர்கள். மூன்றாம் சுற்றில் ஒன்று, ஐந்தாம் சுற்றில் ஒன்று, இரண்டும் லாட்டரிச் சீட்டு. சீட்டு விலை மலிவு, அவ்வளவுதான்.

#19 சாரதா_கொலம்பஸ்

ஜட்கின்ஸ் ஆடுவதை இங்கே நேரில் பார்த்திருக்கிறேன். இடுப்பு உயரத்துக்குக் குனிந்து கூட்டத்துக்குள் நுழைவார், மறுபக்கம் கால்கள் முதலில் வெளியே வரும். சரி, இந்த வருடம் பார்க்கிறேன். வாட்சன் ஆடாதவரை.

#20 ஏரிக்கரை

ஜாக்சன்வில் பிக் நம்மிடம் இருப்பதால் இனி அவர்களும் தோற்க வேண்டுமே! நாம் ஜெயிக்கிறோமோ இல்லையோ, ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் தோல்விக்கும் வேண்டிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு முதல் ஆட்டம் யாரோடு?

#21 நாய்க்கூண்டு

கரோலினாவோடு. செப்டம்பர் 7, மதியம் 1 மணி. நமக்கும் அதே நாள், அதே நேரம், சின்சினாட்டியோடு.

#22 பிட்ஸ்பர்க் மாமா

ஏரிக்கரை, என் வீட்டில் பழைய டிவி ஒன்று சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ரிமோட் மட்டும் வேலை செய்யாது.